பத்தொன்பது தப்படி

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக வரைபடம் வரையும் அந்த அம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பென்சில் அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். கொண்டையில் ஒரு பென்சில், கைப்பையில் ஒன்று, இரண்டும் தொலைந்தால் உதவட்டும் என்று மேசை இழுப்பறையில் இன்னொன்று. ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. எந்தத் தெருவையும் முதலில் பென்சிலில்தான் போடுவார். அதன்மேல் மை ஏற வேண்டுமானால், அந்தத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் நடந்தாக வேண்டும். "அளவுதான் பழைய புத்தகத்துல இருக்கே, மை ஓட்டிட வேண்டியதுதானே" என்று அவசரப்பட்ட அதிகாரிகள் பலர் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அக்கா அசையவில்லை. "புத்தகத்துல எழுதினவர் நடந்தாரான்னு எனக்குத் தெரியாது சார்" என்பார்.

அவருடைய ஒரு தப்படி இரண்டரை அடி. வெயிலிலும் இரண்டரை, மழையிலும் இரண்டரை. புதுச் செருப்பு வாங்கினால் மட்டும் இரண்டு நாள் எதையும் அளக்க மாட்டார். "இன்னும் என் காலோட ஒத்துப்போகல" என்று காத்திருப்பார்.

அவர் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதன்முதலில் அக்காவைப் பார்த்தது வேலையில் இருந்தபோதுதான். உச்சி வெயிலில் ஒரு பெண் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாளாம். அவருடைய பஸ் அன்று மூன்று முறை அவளைக் கடந்தது. மூன்றாவது முறை பாவமென்று வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோங்க, டிக்கெட் வேண்டாம்" என்றாராம். அவள் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் காட்டி, "ஆயிரத்து நானூத்தி ரெண்டு, பேசாதீங்க, ஆயிரத்து நானூத்தி மூணு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாளாம். "அன்னைக்கு வாயை மூடினவன்தான்" என்று கண்டக்டர் சொல்வார். அது பொய். அந்தச் சந்திலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

அந்தச் சந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வீடுகள். மேற்குக் கோடி காய்கறிச் சந்தையின் பின்புறம் திறக்கிறது. கிழக்குக் கோடி திறக்கவில்லை. அங்கே தையல்காரர் வீடு குறுக்கே நிற்கிறது. அந்த வீட்டின் முன்கதவு சந்தில், பின்கதவு பஸ் ரோட்டில். பஸ் பிடிக்க வேண்டுமானால் மேற்கே போய், சந்தையைச் சுற்றி, பன்னிரண்டு நிமிடம் நடக்க வேண்டும். அல்லது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குள் புகுந்து, படுக்கையறை, சமையல்கட்டு, தையல் இயந்திரம் மூன்றையும் தாண்டி வெளியே போகலாம். பத்தொன்பது தப்படி.

எல்லாரும் போனார்கள். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. தையல்காரர் தலை நிமிர மாட்டார்; காலடியை வைத்தே ஆளைச் சொல்வார். "கண்டக்டரே, முட்டி இன்னும் சரியாகலபோல." தையல்காரர் மனைவியை அந்தச் சந்தே அண்ணி என்று கூப்பிடும். "என் வீட்டுல என்ன குழம்புன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி தெருவுக்குத் தெரிஞ்சுடுது" என்று அண்ணி அலுத்துக்கொள்வார். ஒருநாள் யாரும் வராவிட்டால் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பவரும் அவர்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஊர் முழுவதையும் வார்டு வார்டாகப் புதிதாக வரையச் சொன்னார்கள். அக்கா ஏழு மாதம் நடந்தார். கடைசியில் மிஞ்சியது அவருடைய சொந்தச் சந்து. மறுநாள் தாள்கள் தலைநகரத்துக்குப் போக வேண்டும். என் சந்தை நான் நடந்து பார்க்க வேண்டுமா என்று அக்கா நினைத்தார். தினமும் இரண்டு வேளை நடக்கிற சந்து. மேசையில் உட்கார்ந்து, பென்சில்கூட இல்லாமல், நேரே மையில் இரண்டு கோடு இழுத்தார்: சந்தை முனையிலிருந்து பஸ் ரோடு வரை, ஒரே ஓட்டமாக. அவருடைய கால்களுக்கு அந்தச் சந்து முட்டுச்சந்தாக இருந்ததே இல்லை. கை, காலைக் கேட்டு வரைந்துவிட்டது. தையல்காரர் வீடு வரைபடத்தில் எட்டடி அகலச் சாலையாகிவிட்டது.

நடக்காத தெருவை அவர் தவறாக வரைந்ததில்லை. அளவுக்கு மீறி நடந்த தெருவைத்தான் தவறவிட்டார்.

தலைநகரத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். தாள் தகரக் குழாய்க்குள் சுருண்டு தூங்கியது. தொலைவில் இருந்து ஆளுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அவர்களுடைய ஆணைகளைப் போலவே அவர்களுடைய பிழைகளும் வந்து சேருவதில்லை. பிறகு சட்டம் மாறியது. சின்னத் தெரு, சாக்கடை, விளக்கு எல்லாம் இனி அந்தந்த வார்டுக் குழுவின் பொறுப்பு என்றார்கள். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் முப்பது வயதுப் பெண், மருந்துக் கடை வைத்திருந்தவர், சுறுசுறுப்பானவர். குழாயைத் திறந்து, தாளை நகலெடுத்துச் சுவரில் மாட்டினார். இருபுறமும் திறந்த சந்துகளைப் பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தலாம் என்று விதி இருந்தது. வரைபடத்தில் ஒரு சந்து இருபுறமும் திறந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு வீடு.

தையல்காரர் வீட்டுக் கதவில் அறிவிப்பை ஒட்டினார்கள். பொதுவழியை ஆக்கிரமித்துள்ள கட்டடம், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் வார்டுக் கூட்டத்தில் சொல்லலாம்.

அன்று மாலை அக்கா செருப்பைக் கையில் எடுத்து உள்ளே நுழைந்தபோது, தையல்காரர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"அக்கா, என் வீடு ரோட்டுல இருக்காம். அப்ப இத்தனை வருஷமா நான் நடுரோட்டுலயா படுத்துத் தூங்கினேன்?"

"அதான் உங்களுக்கு முதுகுவலி" என்றார் அண்ணி சமையல்கட்டிலிருந்து. சிரிப்பதற்காகச் சொன்னார், அவரே சிரிக்கவில்லை.

அக்கா அறிவிப்பை இரண்டு முறை படித்தார். வரைபட எண்ணைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன் போய் நின்று மூலத்தாளை எடுத்தார். இரண்டு கோடுகளும் அழகாக இருந்தன. கையே நடுங்காத கோடுகள். ஓரத்தில் பொடி எழுத்தில் அவருடைய சுருக்கொப்பம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். அதுவே அபூர்வம்.

"உனக்கும் எனக்கும் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

"தாளுக்குத் தெரியும்."

"தாள் வாய் திறக்காது. இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. முப்பது வருஷப் பேரு. பழைய அளவுப் புத்தகத்துல முன்னாடியே தப்பா இருந்துச்சுன்னு சொல்லு."

"என்னங்க, நான் அந்தப் புத்தகத்தை நம்பலைன்னுதானே இத்தனை வருஷம் நடந்தேன்?"

கண்டக்டர் எழுந்து செருப்பைத் தேடினார். "சரி வா, தையல்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துடலாம். நீ தனியாப் போனா அழுவ."

அக்கா அழவில்லை. தையல் இயந்திரத்துக்கு எதிரில் நின்று, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அந்தக் கோடு நான் போட்டது அண்ணே. உங்க வீட்டு வழியா நடந்து நடந்து, அதை ரோடுன்னு நினைச்சிட்டேன்."

தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "நீங்க நினைச்சதுல தப்பென்ன அக்கா? நானும் அப்படித்தான் விட்டு வச்சிருந்தேன்."

அந்தப் பதில் அக்காவுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

வார்டுக் கூட்டம் பள்ளிக்கூட அறையில் நடந்தது. பெரியவர்கள் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எழுந்து, வரைபடம் பிழை, வரைந்தது நான், நடந்து அளக்காமல் மை போட்டேன் என்று மூன்று வாக்கியம் சொன்னார். கையெழுத்திட்ட தாளைக் கவுன்சிலரிடம் கொடுத்தார். கவுன்சிலர் அதை வாங்கிக்கொண்டு மெல்ல, "பென்சில் அக்காவா?" என்றார். அறையே அதைத்தான் நினைத்தது.

அப்போது டெம்போக்காரர் எழுந்தார். சந்தின் நடுவீடு அவருடையது. "அக்கா தப்புன்னு சொல்றாங்க, சரி. ஆனா கோடு தப்பா இருந்தாலும் தேவை உண்மைதானே? போன மழைக்கு எங்கம்மாவுக்கு மூச்சு முட்டினப்ப, நாற்காலில உட்கார வச்சு அண்ணன் வீட்டு வழியாத்தான் தூக்கிட்டு ஓடினோம். அண்ணி அடுப்பை எட்டி உதைச்சு வழி விட்டாங்க. அதை மறந்தா நான் மனுஷனே இல்ல. ஆனா அன்னைக்கு அவங்க வெளியூர் போயிருந்தா? எங்கம்மா உசுரு இன்னொருத்தர் நல்ல மனசுல தொங்கணுமா?"

ஒருவர் விடுவதால் கிடைக்கிற வழியும், எவரும் விட வேண்டியிராத வழியும் ஒன்றல்ல என்பதை அந்த மனிதர் ஒரு நாற்காலியைத் தூக்கியே கண்டுபிடித்திருந்தார். அக்கா தன் நோட்டைத் திறந்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, 'டெம்போக்காரர் — நாற்காலி' என்று எழுதிக்கொண்டார்.

கவுன்சிலர் விதியைப் படித்தார். வரைந்தவரே பிழை என்று எழுதிக் கொடுத்தால் வார்டே திருத்திக்கொள்ளலாம். தலைநகரத்துக்குப் போக வேண்டாம். ஆனால் வேறு வார்டு சர்வேயர் ஒருவர் நேரில் வந்து, ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். மக்கள் அந்த இடத்தை வழியாகப் பயன்படுத்தினால், யார் பத்திரம் என்ன சொன்னாலும் அது பொதுவழி. தையல்காரரின் அப்பா காலத்துப் பத்திரத்தில் கிழக்கே பஸ் ரோடு, மேற்கே சந்து என்று எல்லை இருந்ததே தவிர, நடுவில் ஊரார் நடக்கக் கூடாது என்று இல்லை.

"அன்னைக்கு ஒருநாள் கதவைப் பூட்டிடுங்க அண்ணே" என்றார் பின்பெஞ்சில் ஒருவர்.

"பூட்டினா, பூட்டின ரோடுன்னு எழுதுவாரு" என்றார் தையல்காரர். "கதவு திறந்திருந்தும் யாரும் நுழையலைன்னாத்தான் அது வீடு. அதோட, என்கிட்ட பூட்டும் இல்ல."

கூட்டம் கலைந்தது. நாங்கள் வரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு சர்வேயர் வந்தார். பஸ் ரோட்டுப் பக்கம் தையல் கடையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சமையல்கட்டு, படுக்கையறை, அதற்கப்பால் சந்து வரை நேராகத் தெரியும். இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. தையல்காரர் ஒரே சட்டைக்கு மூன்று முறை பொத்தான் தைத்துப் பிரித்தார்.

எட்டே கால். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சந்துக் கதவருகே வந்தார்கள். ஒருத்தி உள்ளே பார்த்துக் கை மட்டும் அசைத்துவிட்டு மேற்கே திரும்பினாள். முட்டிவலிக் கண்டக்டர் ஏழு மணிக்கே கிளம்பிச் சந்தையைச் சுற்றி நொண்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். அன்று அவருக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு வேலையும் கிடையாது. எட்டே முக்காலுக்கு டெம்போக்காரர் வந்தார். கதவுக்கு நேரே நின்றார். அண்ணி கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தார். தையல் இயந்திரம் நின்றது. டெம்போக்காரர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார். பிறகு காய்கறிச் சந்தைப் பக்கம் நடந்தார்.

ஒன்பதரை மணிவரை ஓர் ஆள்கூட நுழையவில்லை. சர்வேயர் தாளில் எழுத ஒன்றும் இல்லாமல் பேனாவை மூடினார்.

அலுவலகப் பிரதிநிதியாக மூலத்தாளுடன் பத்து மணிக்கு அங்கே வரச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு. ஒன்பது நாற்பதுக்குத் தகரக் குழாயைக் கக்கத்தில் இடுக்கி வீட்டை விட்டு இறங்கினார். டெம்போக்காரர் கேட்ட கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தின் நடுவில் நகராட்சியின் பழைய பம்பு அறை இருக்கிறதே, அதன் மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எப்போதாவது நடந்து பார்த்தோமா என்று யோசித்துக்கொண்டே போனார். கால்கள் தம் பாட்டுக்குப் போயின. குனிந்தன, செருப்பு கைக்கு வந்தது, நிலைப்படி தாண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. படுக்கையறை. நான்கு, ஐந்து, ஆறு.

ஏழாவது தப்படியில் நிமிர்ந்து பார்த்தார். எதிரே சர்வேயர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். தையல்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

அக்கா வாயைத் திறந்தார். பழக்கத்தில் வந்துவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள் அண்ணி சமையல்கட்டிலிருந்து பாய்ந்து வந்து, கொக்கியில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்.

"வாங்க, சட்டைக்கு அளவு குடுக்கத்தானே? எத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன், இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா? கையைத் தூக்குங்க." பிறகு காதருகே, பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க காலுக்குத்தான் முதல்ல பூட்டு வாங்கணும்."

ஊரையெல்லாம் அளந்தவர் கையைத் தூக்கி நின்றார். "தோள் பதினாலரை" என்று அண்ணி சத்தமாகச் சொன்னார். தையல்காரர் எழுதினார். "கை ஒன்பது." எழுதினார். அளவு முடிந்ததும் அக்கா திரும்பி, வந்த வாசல் வழியாகவே சந்துக்கு இறங்கி, சந்தையைச் சுற்றிப் பன்னிரண்டு நிமிடம் நடந்து, மூச்சு வாங்கப் பஸ் ரோட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார்.

சர்வேயர் எழுதியதைப் படித்துக் காட்டினார்: 'ஒருவர் வந்தார். அளவு கொடுத்தார். வந்த வழியே திரும்பினார். வேறு நடமாட்டம் இல்லை.' பிறகு தாளை மடித்துக்கொண்டே, "அக்கா, நீங்க வரைஞ்ச தாளை வச்சுத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன். முப்பது வருஷத்துல நீங்க போட்ட தப்பு இது ஒண்ணுதானா?" என்றார்.

"இன்னையோட ரெண்டு" என்றார் அக்கா.

சர்வேயர் காதில் விழாததுபோல எழுந்து போனார்.

மதியத்துக்குமேல் அக்கா அலுவலகத்தில் சவர பிளேடு ஒன்றை எடுத்து, மூலத்தாளில் அந்த இரண்டு கோடுகளைச் சுரண்டினார். மை அவ்வளவு எளிதில் போவதில்லை. தாள் கிழியாமல் துகள் துகளாக எடுத்து, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். அந்த இடத்தில் ஒரு வீட்டின் கட்டத்தைப் பென்சிலில் போட்டார். இரண்டு பக்கமும் திறந்த கதவைக் காட்ட வரைபடத்தில் குறி ஏதும் இல்லை. அது இல்லாமலிருப்பதே நல்லது என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது.

வீடு திரும்புகையில் பம்பு அறை மதிலோரம் டெம்போக்காரர் நின்றிருந்தார். "அக்கா, அவர் வீட்டை இடிக்கணும்னு நான் கேக்கல. வழிதான் கேட்டேன்."

"தெரியும்பா. நாளைக்கு இந்த மதிலுக்குப் பின்னாடி போகணும். சாவி கேட்டிருக்கேன்."

"அங்க வழி இருக்கா?"

"நடந்துட்டுச் சொல்றேன்."

வீட்டில் கண்டக்டர் முட்டிக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அருகில் உட்கார்ந்தார். "என்னங்க, நான் பொய் சொல்லிட்டேனா?"

"நீ எங்க சொன்ன? வாயைத்தான் திறந்த."

"அளவு குடுக்க வந்தேன்னு எழுதியாச்சே. நான் அதுக்கா போனேன்?"

கண்டக்டர் யோசித்தார். "போன வருஷம் வாங்கின நீலத் துணி பெட்டியில அப்படியே கிடக்குதே. கொண்டுபோய்த் தைக்கக் குடுத்துடு. அப்புறம் அதுல பொய் எங்க இருக்கு?"

அக்கா உடனே எழுந்தார். துணியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். தையல்காரர் வீட்டு வாசலில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், வந்தவர்கள். ஆனால் வழக்கத்துக்கு மாறாக யாரும் நேரே நுழையவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக, "வரலாமா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து "ம்" என்று ஓர் எரிச்சலான சத்தம் வந்தது.

அக்காவும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். நிலைப்படியருகே நின்றார்.

"வரலாமா அண்ணே?"

தையல் இயந்திரம் நின்றது. "ரோடா இருந்தப்ப ஒருத்தரும் கேக்கல. வீடுன்னு ஆனதும் ஆளாளுக்குக் கேட்டு உசுரை வாங்குறீங்க. வாங்க அக்கா, துணி எங்க?"